இலைக்கு மெமோ கொடுக்க நினைத்தவர்

செடிக்கு மெமோ கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்பது அவருடைய தீராத குறை. மற்றபடி அவர் கண்ணில் பட்டு மெமோ வாங்காதவர்கள் குறைவு. கதவோரம் சாய்ந்து நின்றால் ஒன்று, டீயை நிதானமாகக் குடித்தால் ஒன்று, “இதோ வர்றேன் சார்” என்று சொல்லிவிட்டு அந்த ‘இதோ’வைக் கொஞ்சம் இழுத்தால் ஒன்று. எல்லாமே வாய்மொழி மெமோதான். குரலிலேயே கையெழுத்தும் முத்திரையும் இருக்கும்.

நான் அவரிடம் வேலை கேட்டுப் போனது ஒரு மார்ச் மாத மத்தியானத்தில். என் கணவருக்கு ஓசூரில் ஒரு பாக்டரியில் வேலை கிடைத்து, விருதுநகர்ப் பக்கமிருந்து வந்து மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு நான் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் அரைத்தேன். ஆனாலும் படித்த படிப்பு அவ்வப்போது உள்ளேயிருந்து குறுகுறுத்தது. தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு ரோஜாத் தோட்டத்துக்குப் படித்த ஆள் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, டவுன் பஸ் பிடித்து இறங்கி, கேழ்வரகுக் காடுகளுக்கு நடுவே ஒரு மண்பாதையில் நடந்து போய்ச் சேர்ந்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பாலிஹவுஸ். வாசலில் அவர், இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருந்த செடிகளை முறைத்துக்கொண்டிருந்தார்.

பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. நேராகக் கேள்விக்கு வந்தார்.

“மேடம், இந்தச் செடி எல்லாம் இப்ப என்னா பண்ணுது?”

“இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாய் இருக்கும் சார். வெயில் ஏறிட்டா அத மூடிக்கிடும்.”

“மூடிக்கிட்டு?”

“சும்மா நிக்கும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “யாரக் கேட்டு?”

எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வேலை வேண்டியிருந்ததால் சிரிக்காமல் பாடம் நடத்தினேன். இலைக்குச் சாப்பாடு காற்றில் இருக்கிறது. அந்தக் கரியமில வாயுவை உள்ளே இழுக்க வேண்டுமானால் இலை வாயைத் திறக்க வேண்டும். திறந்த வாய் வழியாக உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி வெளியே ஓடிவிடும். ஒரு பிடிச் சாப்பாடு வாங்க ஒரு குடம் தண்ணீர் கொடுக்கிற வியாபாரம் இது. புத்தியுள்ள எந்த மளிகைக் கடைக்காரரும் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். செடிக்கு வேறு கடை கிடையாது. வெயில் ஏறி, காற்று காய்ந்துபோனால் விலை இரண்டு குடம், மூன்று குடம் என்று ஏறும். அப்போது செடி கடையை மூடிவிட்டு, மீதியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடும். ரொம்ப நேரம் மூடினால் பட்டினி, ரொம்ப நேரம் திறந்தால் தாகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் செடியின் பிழைப்பு ஓடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “சூரியன் மேல நின்னு ஃப்ரீயா கரண்டு குடுக்கறான். கரெக்டா அந்த நேரம் பாத்து இதுங்க படுத்துக்குது. இதுக்குப் பேரு ஐடில் டைம் மேடம். நாளைலர்ந்து வந்துடுங்க. இத நிறுத்தணும்.”

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. கோடிக்கணக்கான வருஷங்களாகத் தாவரங்கள் செய்துவரும் ஒரு காரியத்தை நிறுத்துவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை லீவு.

அவர் ஓசூரில் ஒரு பெரிய பாக்டரியில் உற்பத்திப் பிரிவை நடத்தியவர். அங்கே ஒரு வருஷம் ஆர்டர் குறைந்து, அவருக்கும் இன்னும் பலருக்கும் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு இவருடையது. கையில் வந்ததை ரோஜாவில் போட்டார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். யாராவது பேச்சை எடுத்தால் எழுந்துபோய் ஓடாத பம்ப்செட் எதையாவது ஓடவைப்பார்.

எதுவும் யாரும் வேலையில்லாமல் இருப்பதை அவரால் பார்க்க முடியாது. காவல் காப்பது ஒரு வேலையா என்று கேட்டு, வாட்ச்மேனுக்கு மொட்டுகளில் மாட்டுகிற வலைத் தொப்பிகளை அலசிக் காயப்போடும் வேலை கொடுத்தார். தோட்டத்து நாயை வரப்பைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போவார். அது திரும்பி வந்து படுத்தால், “இப்பத்தான வந்த?” என்று கேட்பார். கல்யாணத்துக்குப் போனால் பந்தி பரிமாறுவார். சாவு வீட்டுக்குப் போனால் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசைப்படுத்துவார். செத்தவர் ஒருவருக்குத்தான் அவர் முன்னிலையில் படுத்திருக்க அனுமதி உண்டு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு அறிவுகெட்ட காரியம் செய்தேன். இலையின் வாய் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்டார். இலைக்கு அடியில் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் டேப்பை ஒட்டி உரித்தால் அந்த அச்சு அப்படியே வரும், மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் நாங்கள் செய்தது. மறுநாளே ஒரு மைக்ராஸ்கோப் வந்தது. சட்டைப் பையில் நகப்பூச்சுப் பாட்டிலோடு அவர் வரிசை வரிசையாகக் குனிந்து போக ஆரம்பித்தார். பூப் பறிக்கிற பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

“மூடியிருக்குது! மணி பன்னெண்டுகூட ஆவல, மூடியிருக்குது! இந்தப் பக்க வரிசை மொத்தமும்!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். கேட் மூடிய பிறகு சுவரேறிக் குதிக்கும் ஆளைப் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம்.

அந்த வாரக் கடைசியில் மத்திகிரி காய்கறிக் கடையில் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். தருமபுரிக்கு அந்தப் பக்கம் வறண்ட ஊர்க்காரர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அரிசி களைந்த தண்ணீரைக்கூட வீணாகக் கொட்டாதவர். அவர் வார்த்தை செலவழிப்பதும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகச் செலவழித்தார்.

“ஏன் கண்ணு, உங்க சாரு சட்டப்பையில நகப்பூச்சு இருக்குது. யாருக்குன்னு கேட்டா எலைக்குன்றாரு. முப்பது வருசமா கூட இருக்கறேன். பொய் சொல்றதா இருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாவே சொல்லுவாரு. அதான் நெசமா இருக்குமோன்னு பயமா இருக்குது.”

நிஜம்தான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் கத்தரிக்காயைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “போகட்டும், வேலைன்னு ஒண்ணு இருக்குதே” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையில் இருந்த நிம்மதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

பேச்சு வாக்கில் ஒருநாள், கற்றாழை, கள்ளி, அன்னாசி எல்லாம் பகலில் வாயைத் திறப்பதே இல்லை, ராத்திரி குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் சமைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

“நைட் ஷிப்ட்!” என்றார். “நம்ம ரோஜாவ நைட் ஷிப்டுக்கு மாத்த முடியாதா?”

“முடியாது சார். அது பிறவியிலயே அமையணும்.”

“யூனியன் கீனியன் ஏதாச்சும் இருக்குதா?”

இன்னொரு நாள் கேழ்வரகைப் பற்றிச் சொன்னேன். கேழ்வரகு இலைக்குள் ஒரு பம்ப் மாதிரி ஏற்பாடு இருக்கிறது. வாயை லேசாகத் திறந்தாலே போதும், வேண்டிய கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டுவிடும், அதனால் தண்ணீர்ச் செலவு குறைவு என்றேன். அன்றிலிருந்து அவர் காலையில் வேலியோரம் போய்ப் பக்கத்துக் காட்டுக் கேழ்வரகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அடுத்த கம்பெனியில் இருக்கும் நல்ல ஊழியரைப் பார்த்து ஏங்குகிற முதலாளியின் பார்வை அது. பிறகு திரும்பி வந்து ரோஜாக்களை ஒரு பார்வை பார்ப்பார். ரோஜாக்களுக்கு ரோஷம் கிடையாது என்பது நல்லதாகப் போயிற்று.

கிண்டல் செய்கிறேனே தவிர, ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். அவர் செய்ததில் பாதி பலித்தது. காற்று காய்ந்திருப்பதால்தானே வாயை மூடுகிறது, காற்றையே ஈரமாக்கிவிட்டால்? கூரைக்கு அடியில் நெடுக ஃபாகர் குழாய்களை மாட்டினார். மத்தியானமானால் உஸ்ஸென்று பனிமூட்டம் இறங்கும். நகப்பூச்சு அச்சை நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உச்சி வெயிலில் வாய்கள் திறந்திருந்தன. தண்டு நீண்டது, பூ பருத்தது. வாங்க வந்த பெங்களூர் வியாபாரி பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேரம் பேச மறந்துபோனார்.

ஒரு காரியம் பலித்துவிட்டால் அதை அத்தோடு விடுகிறவரா அவர்? ஈரம் வெளியே போகக் கூடாதென்று பக்கத் திரைகளையும் இறக்கிவிட்டார். மூடிய கூடாரத்துக்குள் அத்தனை செடியும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. உள்ளே இருந்த கரியமில வாயுவைத் தின்று தீர்த்தன. வெளிக்காற்று வந்தால்தானே புதிதாகக் கிடைக்கும்? பந்தியில் இலை போட்டாயிற்று, சோறு வரவில்லை. வளர்ச்சி நின்றது. ஒரு மூலையில் மொட்டுகளில் சாம்பல் பூஞ்சை பிடித்தது. அதற்கு அவர் ‘ரிஜக்‌ஷன்’ என்று பெயர் வைத்தார்.

“திரையத் தூக்கிருவோம் சார்” என்றேன்.

“தூக்குனா ஈரம் போயிடும். கரியமில வாயு வேற எங்க கெடைக்கும்?”

“எதை எரிச்சாலும் கிடைக்கும். மனுஷன் மூச்சு விட்டாக்கூட வரும்” என்று சொன்னேன். என் வாய்க்கு அன்றைக்கு மத்தியானம் என்றும் பாராமல் திறந்திருக்கிற வியாதி.

ஓசூர்ப் பக்கம் எந்த பாக்டரியிலும் ஷிப்ட் தொடங்குமுன் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒரு சின்ன மீட்டிங் போடுவார்கள். நேற்று எவ்வளவு ஆயிற்று, இன்று எவ்வளவு ஆக வேண்டும், கடைசியில் எல்லோரும் கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி. இவர் தோட்டத்திலும் அது உண்டு. பூக்களைக் கட்டுகிற ஷெட்டில் தினமும் காலையில் முப்பது பெண்கள் கையை நீட்டி, “பாதுகாப்பே முதன்மை” என்று ரோஜாக்களுக்குச் சத்தியம் செய்துகொடுப்பார்கள். அந்த மீட்டிங்கை மறுநாள் முதல் பாலிஹவுஸுக்கு உள்ளே மாற்றிவிட்டார். காலையில் அல்ல, செடிக்குப் பசி எடுக்கும் பதினொரு மணிக்கு. திரைகள் இறங்கியிருக்க, வரிசைக்கு இரண்டு பேராகச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தினார். உறுதிமொழியைத் தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை சொல்ல வேண்டும். யார் மனமும் புண்படக் கூடாது என்பது வெளியில் சொன்ன காரணம். மூன்று மடங்கு மூச்சு என்பது உள்காரணம்.

பறிக்கிற பெண்களில் மூத்தவள் லட்சுமம்மா. வீட்டில் தெலுங்கு, மாட்டிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். அவள்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“சாரே, நாங்க ஊதுறது செடிக்குப் பத்துமா?”

“பத்தலன்னாலும் கொஞ்சமாச்சும் ஆவும். சத்தமா சொல்லுங்க.”

“அப்ப எங்கூட்டுக்காரன இட்டாரட்டா? அவன் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “இப்ப எங்க வேலை பாக்கறாரு?” என்று நிஜமாகவே விசாரித்தார்.

முப்பது பேர் மூச்சு அவ்வளவு பெரிய கூடாரத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி. இதைச் சொல்லச் சொல்ல அவருக்கு ஏறவில்லை. கடைசியில் புக்கம்மா என்கிற பெண் புழுக்கத்தில் தலைசுற்றி உட்கார்ந்ததும்தான் மீட்டிங் பழைய ஷெட்டுக்குத் திரும்பியது. திரைகளும் பாதி உயர்ந்தன. அந்தப் பெண்ணுக்குத் தன் கையாலேயே மோர் கலந்து கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவள் குடிக்கும்வரை பக்கத்தில் எப்படி நிற்பதென்று தெரியாமல் நின்றார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடமிருந்துதான் தப்பிக்க வழியே இருப்பதில்லை.

அதற்கு அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. ஐப்பசியில் இரண்டு தூறல் போட்டுவிட்டுக் கர்நாடகா பக்கமே திரும்பிப் போய்விட்டது. தை பிறக்கும்போது போர்வெல் இரும ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் தண்ணீர், கொஞ்ச நேரம் காற்று, மறுபடி கொஞ்சம் தண்ணீர். புதிதாக ஒரு போர் போட்டார். ஊரே வந்து நின்று பார்க்க, வெள்ளைப் புழுதிதான் வந்தது. டேங்கர் தண்ணீர் உப்பு, ரோஜா வேருக்கு ஆகாது. செடிகள் எல்லாவற்றிலும் பிப்ரவரி காதலர் தினத்துக்கான மொட்டுகள் வலைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. காதலிக்கிறவர்கள் எல்லாம் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அதற்கான தண்ணீர் மட்டும் எங்கள் போரிலிருந்து போக வேண்டும்.

இருக்கிற தண்ணீரில் பெரும்பங்கை ஃபாகர் குடித்தது. மீதி சொட்டுநீர்க் குழாயில் போய்க் கடைசி வரிசைகளைத் தொடுமுன்பே தீர்ந்தது. இப்படியே போனால் மொட்டு மட்டுமல்ல, செடியே காய்ந்துவிடும். செடி காய்ந்தால் தோட்டத்தை மூட வேண்டியதுதான். முப்பது பெண்களுக்கும் எனக்கும் வேலை போகும். நாங்களாவது வேறு தோட்டம் பார்ப்போம். அவர் இரண்டாவது முறையாக வேலையில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும்.

நான் சொன்னேன். “பாதிச் செடிய மட்டமா வெட்டிருவோம் சார். மொட்டு, இலை எல்லாத்தையும். இலை குறைஞ்சா வாய் குறையும், தண்ணிச் செலவும் குறையும். ஃபாகரை நிறுத்திட்டு மேல நிழல்வலை போட்ருவோம். மத்தியானம் அதுக பாட்டுக்கு மூடிக்கிட்டு நிக்கட்டும். இருக்குற தண்ணி வேருக்குக் காணும்.”

“மொட்டு கட்டி நிக்குது. இப்ப போயி வெட்டச் சொல்றீங்க.”

“செடி இருந்தா அடுத்த வருஷமும் மொட்டு வரும் சார்.”

“அதுவரைக்கும்?”

“சும்மா நிக்கும்.”

“சும்மா நிக்கறதுக்கா மேடம் நான் செடி வெச்சிருக்கறேன்?” என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் என்னிடம் பேசியதில்லை. பேசியபின் அவரே பயந்துபோன மாதிரி நின்றார். பிறகு ஃபாகர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் இதே பேச்சு, இதே ஸ்விட்ச். கடைசி வரிசைகளில் கொழுந்துகள் தலையைத் தொங்கப்போட்டன. எனக்கு எரிச்சலும் துக்கமும் சேர்ந்து வந்தது. எம்.எஸ்சி.யில் இதற்கு மருந்து சொல்லித்தரவில்லை.

அக்கா தோட்டத்துக்கு வருவது அபூர்வம். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். சார் ஏணியில் ஏறி மேலே எங்கோ ஒழுகுகிற குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். உள்ளே பனிமூட்டம் உஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே போர் இருமிக்கொண்டிருந்தது. அக்கா கடைசி வரிசைவரை நடந்து போய், தொங்கிய ஒரு கொழுந்தை விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டார். அது மறுபடி தொங்கியது.

“இந்தப் பொக வருதே, இத எங்க மூடறது கண்ணு?”

நான் காட்டினேன். பாலிஹவுஸ் வாசலுக்கு வெளியே, ஒரு சின்னத் தொட்டிக்குள் இருக்கிறது கேட் வால்வு. அக்கா குனிந்து இரண்டு கையாலும் அதைத் திருகி இறுக்க மூடினார். தொட்டிமேல் பலகைக் கல்லை இழுத்து மூடி, அதன்மேல் உட்கார்ந்து கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே உஸ் சத்தம் மெலிந்து நின்றது.

“எவன்டா மூடுனது?” என்று கத்திக்கொண்டே அவர் ஏணியிலிருந்து இறங்கி ஓடிவந்தார். பார்த்தார். நின்றார். பறிக்கிற பெண்கள் கத்தரியும் கையுமாக வாசலில் கூடிவிட்டார்கள்.

“எந்திரி.”

“மாட்டேன்.”

“ஒனக்கு என்னா தெரியும்? இது நின்னா எல்லாம் வாயை மூடிக்கும். மூடிக்கிட்டா சாப்பாடு இல்ல, பூவு இல்ல. அத்தனையும் சும்மா நிக்கும்.”

“நிக்கட்டும்.”

“நின்னா செத்துடும்டி!”

“சாவாது.”

“எப்படித் தெரியும் ஒனக்கு?”

அக்கா நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

“கம்பெனில இருந்து அனுப்புனாங்களே, அன்னிக்கி வந்து உள்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டுப் படுத்தீங்க. மழ போச்சு, பொங்கலு போச்சு, சந்தைக்கி மாங்கா வந்தாச்சு, நீங்க எந்திரிக்கல. எங்கண்ணன் வந்து எழுப்பு எழுப்புன்னான். ஒங்க தம்பி கதவ ஒடைக்கறேன்னான். நான் எழுப்புனனா? ஒரு நாளாச்சும் எந்திரிங்கன்னு சொன்னனா? தண்ணியும் தட்டும் கதவுகிட்ட வெச்சிட்டுப் போனேன். செத்தா போயிட்டீங்க?”

லட்சுமம்மா கத்தரியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மாங்காய் வந்தபிறகு ஒரு காலையில் எழுந்து வந்த மனிதர்தான் எங்களையெல்லாம் இவ்வளவு வருஷமாக விரட்டிக்கொண்டிருந்தார் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நாயை ஏன் படுக்கவிடவில்லை, வாட்ச்மேனை ஏன் உட்காரவிடவில்லை, மூடிய இலையைப் பார்த்தால் ஏன் அப்படிப் பதறினார் என்பதெல்லாம். அத்தனை நாள் வயிறு குலுங்கச் சிரித்ததற்கெல்லாம் சேர்த்து அழுகை வந்தது.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. வாசல் வழியாக உள்ளே செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஈரம் இறங்க இறங்க, உள்ளே வெயில் வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது. இலைகள் மூடிக்கொண்டிருக்கும். மைக்ராஸ்கோப் இல்லாமலே அவருக்கு அது தெரியும்.

பிறகு என்னிடம் கேட்டார்: “எவ்ளோ வெட்டணும் மேடம்?”

“பாதி சார். முழங்கால் உயரத்துக்கு.”

லட்சுமம்மாவிடம் கையை நீட்டிக் கத்தரியை வாங்கினார். முதல் வரிசைக்குப் போனார். வாசலோரம், நல்ல தண்ணீர் குடித்து, பருத்த மொட்டுகள் இருந்த வரிசை. வாடின கடைசி வரிசையில் ஆரம்பித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் முதல் வரிசையிலேயே ஆரம்பித்தார். ஒவ்வொரு மொட்டின் தலையிலிருந்தும் வலைத் தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, தண்டை வெட்டினார். பெண்கள் அடுத்தடுத்த வரிசைகளுக்குப் போனார்கள். அந்தப் பிப்ரவரியில் பெங்களூர்க் காதலர்களுக்கு எங்கள் தோட்டத்துப் பூ பாதிதான் போனது. அவர்கள் எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். வெட்டின செடிகள் கோடை முழுக்க மொட்டைக் குச்சிகளாக நின்றுவிட்டு, ஆனி மழைக்குச் செக்கச்செவேலென்று துளிர்த்தன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைய மத்தியானத்தை நிம்மதியாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

முதல் வரிசையைக் கடைசிவரை வெட்டி முடித்துவிட்டு, சட்டையெல்லாம் பச்சைக் கறையாக அவர் வெளியே வந்தார். பெண்கள் இன்னும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். பலகைக் கல் நல்ல சூடாக இருந்திருக்கும்.

“எந்திரி” என்றார். “பசிக்குது.”

அக்கா எழுந்திருக்கவில்லை. கல்லின்மேல் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா மடியிலிருந்த கேரியரைத் திறந்து முதல் தட்டை அவர் கையில் கொடுத்தார். புருஷனை நம்பலாம், ஆனால் வால்வை விட்டு எழுந்திருக்கிற அளவுக்கு இல்லை.